பூச்சி மருந்தும் பத்தடி மண்ணும்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரைக் கிராமம் என்று சொல்ல முடியாது, நகரம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும். காக்களூர் தொழிற்பேட்டைக்கும் மேல்நல்லாத்தூர் ஆலைகளுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் வாடகை வீடுகள், அரை கிரவுண்டு ஒரு கிரவுண்டு மனைகள், அவற்றுக்கு நடுவே இன்னும் வீடு எழும்பாமல் கோரையும் கருவேலமும் மண்டிக் கிடக்கும் காலி இடங்கள் என்று ஊர் விரிந்திருக்கிறது. நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க இது தோதான இடம்தான். சோற்றுப்பருக்கை, அரிசிக் குருணை, காலி மனையின் புழு பூச்சி என்று தீனிக்குப் பெரிய செலவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் இதே வட்டாரத்தில் ஏரிக்கரை, களத்துமேடு, வைக்கோற்போர் என்று நாள் முழுக்க ஏக்கர் கணக்கில் மேய்ந்த கோழி, இன்று துணி துவைக்கும் கல்லுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையிலான பத்தடி மண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கிளறுகிறது. கோழி அதே கோழிதான், அது மேயும் பரப்பு சுருங்கிவிட்டது. குடற்புழுவைப் பற்றிப் பேசும்போது கடையில் எந்த மருந்து வாங்கலாம் என்பதிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் அந்தச் சுருங்கிய மண்ணிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து’ என்ற பொதுவான அறிவுரை தவறில்லை; ஆனால் மண்ணையும் மழையையும் கணக்கில் எடுக்காவிட்டால் அது பாதி பலனைக்கூடத் தராது.

பேச்சுவழக்கில் எல்லாமே ‘பூச்சி’. கோழியின் குடலுக்குள் இருப்பவை ஒரே இனம் அல்ல, அவை கோழிக்குள் வந்து சேரும் வழியும் ஒன்றல்ல. சிறுகுடலில் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு நெளிவது அஸ்காரிடியா என்ற உருண்டைப்புழு. பெண் புழு 12 சென்டிமீட்டர் வரை வளரும். குடலின் கடைசியில் இரட்டைப் பைபோல இருக்கும் குடல்வால் பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் வாழ்வது ஹெட்டெராகிஸ். கண்ணுக்கு எளிதில் படாத மயிரிழை போன்றது கேப்பில்லாரியா. இந்த மூன்றிலும் பெரும்பாலானவற்றுக்கு இன்னொரு பிராணியின் துணை தேவையில்லை. எச்சத்தோடு வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் கிடைத்தால் ஏறக்குறைய 10 முதல் 20 நாளில் பிற கோழியைத் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. அதைக் கொத்தித் தின்ற கோழியின் குடலில் புழு பெரிதாகி முட்டையிடத் தொடங்க ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். மண்புழு இந்த முட்டைகளை விழுங்கிச் சுமப்பதும் உண்டு. ஆகவே மழைக்குப் பின் மண்புழுவைத் தேடி அலையும் கோழிக்கு அந்த வழியிலும் தொற்று வருகிறது. நாடாப்புழுவின் கதை வேறு. அதற்கு இடைநிலைப் பிராணி ஒன்று கட்டாயம். கோழிகளில் அதிகம் தென்படும் ரெய்லியெட்டினா வகைகளில் இரண்டு எறும்பு வழியாகவும், ஒன்று வண்டு வழியாகவும் வருகின்றன. வீட்டு ஈயின் வழியாக வருவது வேறொரு வகை. எச்சத்தில் அரிசிமணி போல நெளியும் வெள்ளைத் துண்டைக் கண்டு கடையில் ‘பூச்சி மருந்து’ என்று கேட்டு வாங்கிப் போவோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிப்பரசின். அது நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது.

புழு வெறும் ஏழைத் தோட்டத்துப் பிரச்சினை, நவீன வளர்ப்பில் தீர்ந்துபோனது என்று நினைப்பவர்களுக்கு டென்மார்க்கில் 1990களின் இறுதியில் நடந்த ஆய்வு நல்ல பதில். அங்கே திறந்தவெளியில் வளர்ந்த கோழிகளில் சுமார் 64 விழுக்காட்டிலும், கொட்டகைக்குள் கூளத்தின் மேல் வளர்ந்தவற்றில் 42 விழுக்காட்டிலும் அஸ்காரிடியா இருந்தது. கம்பிக் கூண்டில் வளர்ந்தவற்றில் அது சுமார் 5 விழுக்காடுதான். கூண்டில் எச்சம் கம்பியின் அடியில் விழுகிறது, கோழி அதை மிதிப்பதும் இல்லை, கொத்துவதும் இல்லை. நாமக்கல் பண்ணைகளில் உருண்டைப்புழு பெரிய தலைவலியாக இல்லாததற்கும் இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய வகைக் கூண்டுகளைத் தடை செய்த பிறகு, மறைந்து போயிருந்த புழு அங்கே மறுபடி பேசுபொருளானது. கோழிக்கு மண்ணும் வெயிலும் தந்தால் புழுவும் கூடவே வரும். சுதந்திரத்துக்கான விலை அது. இங்கே எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் செய்த ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாக் கோழியிலும் புழு இருந்தது, நம் நாட்டுக்கோழியும் தலைமுறை தலைமுறையாகப் புழுவோடுதான் வாழ்ந்திருக்கிறது, பின் எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். புழு இருப்பது வேறு, புழு மிகுவது வேறு என்பதே பதில். மூன்று மாதம் கடந்த கோழிக்கு அஸ்காரிடியாவை ஓரளவு தாங்கும் திறன் வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து புழுவோடு அது முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அதே மண்ணைக் கிளறும் ஆறு வாரக் குஞ்சுக்கு அந்தத் திறன் இல்லை. எண்ணிக்கை மிகுந்தால் குடல் அடைபட்டுச் சாகும். சாகாவிட்டாலும் தின்றது உடம்பில் ஒட்டாமல், நெஞ்செலும்பு கத்திபோல் துருத்த, கொண்டை வெளுத்து நிற்கும். நோஞ்சான் குஞ்சுக்கும் புரதமும் வைட்டமின் ஏயும் குறைந்த தீனி தின்னும் கோழிக்கும் பாதிப்பு இன்னும் கூடுதல். பழைய ஊரில் எச்சம் ஏக்கர் கணக்கில் சிதறி வெயிலில் காய்ந்தது. பத்தடி மண்ணில் அது ஒரே இடத்தில் குவிகிறது. ‘எங்க பாட்டி காலத்துல மருந்தா குடுத்தாங்க’ என்ற வாதம் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறுகிறது.

மருந்துக்கு வருவோம். பிப்பரசின் எழுபது ஆண்டுப் பழக்கமுள்ள, மலிவான மருந்து. அது புழுவைக் கொல்வதில்லை. தசையைச் செயலிழக்கச் செய்து, பிடி தளர்ந்த புழுவைக் குடல் தானாக வெளியே தள்ள விடுகிறது. வளர்ந்த உருண்டைப்புழு மட்டும்தான் இதில் அகப்படும். குடற்சுவருக்குள் புதைந்திருக்கும் இளம்புழுவை அது தொடாது. அதனால்தான் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுவேளை தேவை. அதற்குள் இளம்புழு குடலுக்குள் இறங்கி மருந்துக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். முதல் வேளையோடு நிறுத்துகிறவர்கள் பாதி வேலையில் கடையைக் கட்டுகிறார்கள். ஃபென்பென்டசோல், அல்பென்டசோல் போன்றவை பல வகை உருண்டைப்புழுக்களையும் எட்டும். ஆனால் ஒரே நாளில் முடிவதைவிடச் சில நாள் தொடர்வதே அவற்றுக்குப் பொருந்தும். ஐரோப்பாவில் முட்டைக்கோழிக்கென அனுமதித்த ஃபென்பென்டசோல் தண்ணீர் மருந்துக்கு விதித்திருப்பது கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வீதம் 5 நாள். நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடு வேண்டும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தருவதே சரி. ஆட்டுக்கு வாங்கிய மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துச் சோற்றில் பிசைந்து போடுவது பரவலான பழக்கம். இதில் முந்திக்கொண்டு ஓடிவரும் சேவல் இரண்டு பங்கு தின்னும், ஒதுங்கி நிற்கும் மெலிந்த பெட்டைக்கு ஒன்றும் கிடைக்காது. மருந்து உண்மையில் எதற்குத் தேவையோ அதற்குத்தான் எட்டவில்லை. குறைந்த அளவு மருந்து அடிக்கடி பட்டால் அதைத் தாங்கும் புழு மட்டும் பெருகும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் வான்கோழிகளின் உருண்டைப்புழு ஃபென்பென்டசோலுக்கு அடங்காமல் போனதை 2019இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தண்ணீரில் கலந்து வைப்பது பண்ணைக்குச் சரி, மணவாள நகர் வாசலுக்குச் சரிப்படாது. காலையில் திறந்துவிட்ட கோழி, மருந்துத் தண்ணீரை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரையோ கால்வாய்த் தண்ணீரையோ தேடிப் போகும். இரவே தண்ணீரை எடுத்துவிட்டு, விடிந்ததும் கூண்டைத் திறக்குமுன் மருந்துத் தண்ணீர் வைத்து அது தீர்ந்த பிறகு திறந்தால் ஓரளவு எல்லாக் கோழியும் குடிக்கும். நாலைந்து கோழிதான் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. இருட்டிய பின் ஒவ்வொன்றாகப் பிடித்து, எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரம் விடுவது. மருந்தின் அளவு கோழியின் எடைக்குத்தான், கோழியின் எண்ணிக்கைக்கு அல்ல. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கும் இருநூறு கிராம் குஞ்சுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் நடைமுறையில் அதிகம் மீறப்படும் விதியும் அதுதான்.

இப்போது மண். புழு முட்டைக்கு ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் பெரிய எதிரிகள் இல்லை. அதன் தடித்த ஓடு இவற்றைத் தாங்கும். சுண்ணாம்பு தெளிப்பதால் தரை காயலாம், அவ்வளவுதான். முட்டையைக் கொல்வது வறட்சியும் நேரடி வெயிலும். ஈரமான நிழல்மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் முட்டை, காய்ந்த சூட்டு மண்ணில் தாங்காது. இங்கே திருவள்ளூர் மாவட்டத்தின் பருவம் நமக்கு ஒரு நல்ல ஆயுதத்தைத் தருகிறது. மே மாதக் கத்திரி வெயிலில் கூண்டின் அடிமண்ணை இரண்டு விரற்கடை சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கோழி படாமல் மறைத்து, கொத்திக் கிளறி இரண்டு மூன்று வாரம் காயவிட்டால், அது எந்தப் பாட்டிலும் செய்யாத வேலையைச் செய்துவிடும். எடுத்த மண்ணை வாழைப்பாத்தியில் கொட்டினால் கோழி அங்கே போய்க் கிளறும்; அது கோழி எட்டாத குப்பைக்குழிக்குப் போக வேண்டும். பின் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிலைமை தலைகீழ். காலி மனைகளில் தண்ணீர் நிற்கும், கூண்டுக்கடியில் சேறு மிதிபடும், மண்புழு மேலே வரும். முட்டை முதிர்வதற்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. அந்த மாதங்களில் தரையை உலர வைக்க முடியாது. கோழியை ஈரத் தரையிலிருந்து தூக்கிவைக்க முடியும். கூண்டைச் செங்கல் மேலோ கால் வைத்தோ உயர்த்தி, மேலே தகரமோ ஓலையோ போட்டால் போதும். தீனியைத் தரையில் விசிறாமல் பழைய தட்டிலோ உடைந்த ஓட்டிலோ போடுவதும், தண்ணீர்ச் சட்டியை ஒழுகாத இடத்தில் வைப்பதும் சின்ன விஷயமாகத் தோன்றும்; வாயும் எச்சமும் சந்திக்கும் இடத்தை அவை பிரிக்கின்றன.

இதையெல்லாம்விடக் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவது இரவு எச்சத்தை எடுப்பது. கோழி இரவெல்லாம் ஒரே குச்சியில் அடைந்து, ஒரே இடத்தில் எச்சமிடுகிறது. அன்றைய எச்சத்தில் பெரும் பங்கு அங்கேதான் விழுகிறது. குச்சிக்கடியில் பழைய சாக்கோ தகரத் தட்டோ போட்டு, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை எடுத்தாலே போதும். முட்டை தொற்றும் நிலைக்கு வர குறைந்தது பத்து நாளாவது தேவை என்பதால், அதற்குள் அகற்றப்படும் எச்சத்தால் எந்தக் கோழிக்கும் தீங்கில்லை. ‘நான் என் வாசலைச் சுத்தம் செய்தேன், என் கோழி பக்கத்து மனையில் போய் மேய்கிறதே’ என்ற கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. பக்கத்து மனையில் எச்சம் சிதறி விழுகிறது, அங்கே முட்டைகளின் அடர்த்தி குறைவு. கூண்டடியிலும் தீனி போடும் இடத்திலும்தான் அது குவிகிறது. புழுவை ஒழிப்பது எவர் கையிலும் இல்லை. குவியலைக் கலைப்பது வீட்டுக்காரம்மாவின் கையில் இருக்கிறது.

இனி எப்போது மருந்து தருவது என்ற கேள்வி. நாள்காட்டியில் சமமாக மூன்று மாதம் மூன்று மாதமாகப் பிரித்து வைப்பதைவிட, கோழிக்கும் ஊருக்கும் பொருந்தும் இரண்டு தருணங்கள் இருக்கின்றன. முதலாவது தை பிறக்கும் நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைச் சேற்றில் கோழி விழுங்கிய முட்டைகள் குடலில் முழுப் புழுவாக வளர்ந்திருப்பது அப்போதுதான். தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இரண்டு வார கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் கடந்த கோழிகளுக்குப் போடும் அந்த ஊசிதான் வெள்ளைக்கழிச்சலிலிருந்து கூட்டத்தைக் காப்பது. அஸ்காரிடியா தொற்றிய கோழிக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியின் எதிர்ப்பாற்றல் குறைகிறது என்று டென்மார்க்கில் 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மார்கழியின் கடைசியில் ஒரு வேளை, தை இரண்டாம் வாரத்தில் மறுவேளை என்று கொடுத்துவிட்டால் ஒரே மருந்து இரண்டு வேலை செய்யும்: மழைக்காலத்துப் புழுவும் இறங்கும், தடுப்பூசிக்கும் உடம்பு தயாராகும். இரண்டாவது தருணத்தை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. அது அடைகாக்கும் காலம். அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடுவதில்லை. அதனால் மருந்து முட்டையில் வரும் என்ற கவலைக்கே இடமில்லை. அது ஒரே இடத்தில் இருக்கிறது, தினம் ஒருமுறை தீனிக்கு இறங்கும்போது தனியாகப் பிடிக்கலாம், அளந்து கொடுக்கலாம். 21 நாளில் குஞ்சு பொரிக்கும்போது தாய் தன் எச்சத்தால் குஞ்சுகளின் தரையைப் புழு முட்டையால் நிரப்பாது. அடை வைத்த முதல் வாரத்தில் ஒரு வேளை, பொரிப்பதற்குச் சில நாள் முன் மறுவேளை. தாய்க்கும் குஞ்சுக்கும் சேர்த்துச் செலவு ஒன்றுதான்.

வருடத்துக்கு இருமுறை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தச் சோதனையும் இல்லாமல் அல்பென்டசோல் மாத்திரை தருகிறார்களே, கோழிக்கும் அப்படியே தரலாமே என்று கேட்பவர் இருப்பார்கள். 2015இல் தொடங்கிய அந்தத் தேசியத் திட்டத்தின் தர்க்கம் வேறு. லட்சக்கணக்கான பிள்ளைகளின் மலத்தைச் சோதிப்பது இயலாத காரியம், அவர்கள் நடக்கும் தெருவெல்லாம் ஒருவர் கையில் இல்லை. கோழியின் தரை ஒரு வீட்டுக்குள் அடங்கியது. சோதிப்பதற்கான பொருளோ அடிக்கடி அடுப்பங்கரைக்கே வருகிறது. குழம்புக்கு அறுக்கும் கோழியின் குடலைத் தூக்கி எறியுமுன் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து பார்ப்பதைவிட மலிவான ஆய்வகம் இல்லை. வெந்த சேமியா போல நெளிவது உருண்டைப்புழு, சப்பையாகக் கண்ணி கண்ணியாக இருப்பது நாடாப்புழு, குடற்சுவரில் முடிச்சு முடிச்சாகத் தென்பட்டால் அதுவும் நாடாப்புழுவின் ஒரு வகைதான், குடல்வாலின் நுனியில் சின்னச் சின்ன நூலாகக் கிடப்பது ஹெட்டெராகிஸ். இரண்டு மூன்று கோழியில் ஒன்றுமே இல்லை என்றால் அந்த ஆண்டு மருந்துச் செலவைக் குறைக்கலாம். கோழி அறுக்காத வீட்டார் இரண்டு மூன்று கோழிகளின் புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம்; அடர்ந்த உப்புநீரில் கலக்கினால் முட்டை மேலே மிதக்கும், நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். மாதவரத்திலும் வேப்பேரியிலும் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் ரயில் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கழிச்சல் கண்ட கோழிக்கெல்லாம் பூச்சி மருந்து ஊற்றும் பழக்கத்தை அது தடுக்கும். கூட்டமாகச் சோர்ந்து, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிச் சாவது வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்தே இல்லை, முன்கூட்டிய ஊசி மட்டும்தான். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக்கழிச்சல், அதை உண்டாக்குவது புழு அல்ல.

நாட்டு மருந்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அதையே முழுதாக நம்புவோரோடும் இல்லை. கொட்டைப்பாக்கில் உள்ள அரெகோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு முறையான மருந்தாக இருந்தது. அதன் அளவு கொஞ்சம் மிஞ்சினால் விஷம் என்பதால்தான் அது கைவிடப்பட்டது. வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும் மஞ்சளும் கோழிக்குக் கெடுதல் செய்வதில்லை, பசியைத் தூண்டலாம். ஆனால் பூண்டின் சத்தான அல்லிசினை உருண்டைப்புழுவுக்கு எதிராகச் சோதித்த ஐரோப்பிய ஆய்வில் அது பலன் தரவில்லை. உருண்டைப்புழு மிகுந்து மெலிந்த குஞ்சுக்குப் பூண்டை நம்பி இரண்டு வாரம் காத்திருப்பது அந்தக் குஞ்சை இழப்பதில்தான் முடியும். புழு குறைவாக உள்ள கூட்டத்தில் அதே பூண்டைத் தீனியோடு சேர்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. புழுவைக் குறைத்தது பூண்டா வெயிலா என்று மட்டும் அப்போது தெரியாது.

முட்டையில் மருந்து தங்கும் கவலை உண்மையானது. முட்டையைச் சில நாள் ஒதுக்கிவைக்கவே தேவையில்லை என்று ஐரோப்பா சொல்வது மேலே சொன்ன அந்த ஃபென்பென்டசோல் தயாரிப்புக்கும் அந்த அளவுக்கும்தான். எல்லா மருந்துக்கும் அதை நீட்டக் கூடாது. லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்து அமெரிக்காவில் முட்டைக்கோழிக்கு அனுமதி பெறவில்லை. புட்டியின் மேல் அச்சிட்ட நாட்கள் கழியும் வரை முட்டையையும் கறியையும் ஒதுக்கிவைப்பதுதான் ஒழுங்கு. அக்கம்பக்கத்துக்கு முட்டை விற்பவருக்கு இது இன்னும் கட்டாயம். குழந்தைக்குக் கோழியிலிருந்து இந்தப் புழு ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம் மட்டும் தேவையில்லை. அஸ்காரிடியாவும் ஹெட்டெராகிஸும் மனிதக் குடலில் வாழ்வதில்லை. எப்போதாவது முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒரு புழு கிடந்தால், அது எச்சவழியிலிருந்து கருக்குழாய்க்குள் ஏறிப்போன அஸ்காரிடியா. பார்க்க அருவருப்பு, ஆபத்தில்லை. ஆனால் அந்தப் பெட்டையின் குடல் நிறைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது.

கோழியோடு வான்கோழியும் சேர்த்து வளர்க்கும் வீடுகளில் கணக்கு கடுமையாகும். ஹெட்டெராகிஸ் முட்டைக்குள் ஒளிந்து வரும் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி கோழிக்கு அதிகத் தொந்தரவு தருவதில்லை. வான்கோழியின் குடல்வாலையும் ஈரலையும் அது அரித்துவிடும், வான்கோழிகள் மஞ்சளாகக் கழிந்து கொத்துக் கொத்தாகச் சாகும். கொட்டகை தனியாக இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். கோழி கிளறிய மண்ணில் அந்த முட்டை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், மண்புழு வழியாகவும் நகரும். அரை கிரவுண்டு மனையில் இரண்டையும் வளர்க்க நினைப்பவர் எந்த மருந்தை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வது நல்லது.